அரசன் இல்லாத நகருக்கு ஒரு மாளிகை: யாகோப் வான் காம்பென்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு பெரிய கட்டடம் எழும்பினால் அது மன்னருடையதாகவோ திருச்சபையுடையதாகவோ இருப்பதே வழக்கம். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், மன்னரும் பேராயரும் இல்லாத ஒரு வணிக நகரம், தன் எழுத்தர்களும் நீதிபதிகளும் கணக்கர்களும் அமர்ந்து வேலை பார்ப்பதற்காக, அரண்மனைகளோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட ஒரு மாளிகையைக் கட்டிக்கொண்டது. அந்த நகரம் ஆம்ஸ்டர்டாம். மாளிகையை வடிவமைத்தவர் யாகோப் வான் காம்பென். கல்தச்சராகவோ கொத்தனாராகவோ ஒருநாளும் பயிலாத அவர் ஓர் ஓவியர். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அதிகாரத்துக்கு மரியாதை தரும் வடிவத்தை அலங்காரக் குவியலில் தேடாமல் அளவிலும் விகிதத்திலும் கண்டெடுத்தவர் என்பதால்தான் பல ஆண்டுகளாக அவருடைய கட்டடங்களின் வரைபடங்களுக்கு நான் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன். டச்சு ஓவியர்களைப் பற்றித் தமிழில் அவ்வப்போது எழுதப்படுகிறது. ரெம்பிராண்டையும் வெர்மீரையும் அறிந்த வாசகர்கள், அவர்கள் காலத்துக் கட்டடக் கலைஞர்களில் முதன்மையான இவரையும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வான் காம்பென் 1596இல் ஹார்லெம் நகரில் பிறந்தார். அந்நகரின் பெரிய சந்தைச் சதுக்கத்தில், அவர் சிறுவனாக இருந்த 1602 முதல் 1604 வரையான ஆண்டுகளில், லீவன் டி கெய் என்பவரின் வடிவமைப்பில் புதிய இறைச்சிக் கூடம் எழும்பியது. அது இன்றும் நிற்கிறது. செங்கல் சுவரில் வெண்கல் பட்டைகள், படிப்படியாக உயரும் கூரை முகப்பு, அதன் ஒவ்வொரு படியிலும் கூர்முனைகள், இடைவெளி கிடைத்த இடமெல்லாம் சுருள்களும் காளைத் தலைகளும் என்று அந்தக் கட்டடம் உற்சாகத்தில் பொங்கி வழிகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஹென்ட்ரிக் டி கெய்சர் கட்டிய தேவாலயங்களிலும் வீடுகளிலும் இதே உற்சாகத்தைச் சற்று நிதானப்பட்ட வடிவில் காணலாம். அந்தக் கலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தக் கைவேலையின் நேர்த்திக்கு முன் யாரும் நின்று பார்ப்பார்கள். ஆனால் வான் காம்பென் வளர்ந்து எதை விட்டு விலகினார் என்பதைப் புரிந்துகொள்ள, அவர் பிறந்த ஊரின் சதுக்கத்தில் நிற்கும் இந்தக் கட்டடத்தைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

பிரான்ஸ் டி கிரெபர் என்ற ஓவியரிடம் பயின்ற அவர், 1614இல், தம் பதினெட்டாம் வயதில், ஹார்லெம் ஓவியர்களின் புனித லூக்கா சங்கத்தில் உறுப்பினரானார். தேவாலய உட்புறங்களை அளந்து அளந்து வரைந்த பீட்டர் சான்ரடாமும் அதே ஆசிரியரின் மாணவர். ஒருவர் கட்டடத்தை ஓவியமாக்கினார், மற்றவர் ஓவியத்தின் ஒழுங்கைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார். இத்தாலியக் கட்டடக் கலையை வான் காம்பென் உள்வாங்கியதில் அச்சுப் புத்தகங்களின் பங்கு மிகப் பெரியது. பண்டைய ரோமரான விட்ருவியஸின் நூல், 1570இல் வெளிவந்த பல்லாடியோவின் நூல், 1615இல் வெளிவந்த வின்சென்சோ ஸ்கமோட்ஸியின் நூல் ஆகியவை அந்தத் தலைமுறையின் பாடப்புத்தகங்கள். அவற்றில் ஸ்கமோட்ஸியை அவர் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார் என்பதற்கு அவர் எழுப்பிய தூண்களின் விகிதங்களே சாட்சி.

1625இல் ஆம்ஸ்டர்டாமின் கெய்சர்ஸ்கிராக்ட் கால்வாய்க் கரையில் கோய்மன்ஸ் சகோதரர்களுக்காக அவர் வடிவமைத்த இரட்டை வீடுதான் முதல் சான்று. அன்றைய ஆம்ஸ்டர்டாமில் வீடு என்றால் ஒடுங்கிய முகப்பும் மேலே படிவடிவ முகடும்தான். இந்த வீட்டில் முகடே இல்லை. அகன்ற முகப்பின் குறுக்கே இரண்டு அடுக்குகளில் சுவரோடு ஒட்டிய தட்டைத் தூண்கள், சம இடைவெளியில் சன்னல்கள், மேலே நேர்கோட்டில் முடியும் கூரைவரி, அவ்வளவுதான். 1631இல் டி கெய்சரின் கட்டடங்களைத் தொகுத்து ஒரு படநூல் வெளிவந்தபோது இந்த வீட்டையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறையின் சாதனைகளை அடுக்கிய புத்தகத்துக்குள்ளேயே, அதை முடித்துவைக்கப் போகிற அடுத்த தலைமுறையின் முகம் தெரிகிறது.

அவருடைய வாழ்வைத் திருப்பிய நட்பு கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸுடையது. கவிஞர், இசைக் கலைஞர், டச்சு மாகாணங்களின் ஆளுநரான ஆரஞ்சு இளவரசர் பிரெடெரிக் ஹென்ட்ரிக்கின் செயலாளர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸின் தந்தை என்று பல முகங்கள் கொண்டவர் ஹைகன்ஸ். ஹேக் நகரில் இளவரசர் தமக்களித்த மனையில் 1634 முதல் 1637 வரை அவர் ஒரு வீடு கட்டினார். வான் காம்பெனும் அவரும் சேர்ந்து விட்ருவியஸைப் படித்து, விவாதித்து, வரைந்து கட்டிய வீடு அது. கட்டி முடித்ததும் அதன் செதுக்குப் படங்களை ஓவியர் ரூபன்ஸுக்கு அனுப்பி அவருடைய கருத்தைக் கேட்டார் ஹைகன்ஸ். தம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அந்த வீட்டைப் பற்றி லத்தீனில் ஒரு தனி நூலே எழுதத் தொடங்கினார். குடியிருக்கும் வீட்டை இவ்வளவு அக்கறையோடு சிந்தனைப் பொருளாக்கிய ஒரு குடும்பத் தலைவரை நினைக்கும்போது எனக்கு ஆழ்ந்த மரியாதை தோன்றுகிறது. அந்த வீடு 1876இல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இழப்பை ஒவ்வொரு முறையும் மனம் கனக்கத்தான் கடக்கிறேன்.

பக்கத்து மனையில் எழுந்த மவுரிட்ஸ்ஹவுஸ் இன்றும் இருக்கிறது. 1633இல் தொடங்கி 1644இல் முடிந்த அந்த மாளிகை, நசாவ்-சீகனின் யோஹான் மவுரிட்ஸ் என்பவருக்காகக் கட்டப்பட்டது. பணிகளைக் கவனிப்பதில் வான் காம்பெனுக்குத் துணையாக இருந்தவர் பீட்டர் போஸ்ட். அவரும் ஹார்லெம் ஓவியராகத் தொடங்கியவர்தான். ஏறக்குறைய சதுரமான கட்டடம். நடுவில் கூடம், அதன் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பமாக அமைந்த அறைத் தொகுதிகள். செங்கல் சுவரின் மேல், தரையை அடுத்த பீடத்திலிருந்து கூரைவரை இரண்டு மாடிகளையும் ஒரே வீச்சில் தாங்கி நிற்கும், தலைப்பில் இரட்டைச் சுருள் கொண்ட அயோனிய வகைத் தட்டைத் தூண்கள் மணற்கல்லால் ஆனவை. அருகிலுள்ள குளத்தின் மறுகரையிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் உண்மை அளவைக் கண் நம்ப மறுக்கும். சிறிய மாளிகைதான் அது. ஆனால் தூண்களுக்கும் சன்னல்களுக்கும் முக்கோண முகப்புக்கும் இடையே உள்ள விகிதம் அதற்கு ஓர் உயர்வைக் கொடுத்துவிடுகிறது. ஓவியரின் கண் இல்லாமல் இது வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இதே மாளிகையைப் பற்றிப் பேசும்போது அதைக் கட்டிய பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். யோஹான் மவுரிட்ஸ், டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராகப் பிரேசிலை 1637 முதல் 1644 வரை ஆண்டவர். அங்கே கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் நடந்தன. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக, மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் வசமிருந்த எல்மினா கோட்டையைப் பிடிக்கக் கப்பல்களை அனுப்பியவரும் அவரே. 1637இல் அது வீழ்ந்தது. ஹேக் நகர மக்கள் அந்த வீட்டை அப்போதே 'சர்க்கரை வீடு' என்று அழைத்தார்கள். இப்போது அருங்காட்சியகமாக இயங்கும் அந்த மாளிகையே இந்த வரலாற்றை அண்மைக் காலமாக வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. வான் காம்பெனின் விகிதங்கள் என்னை ஈர்க்கின்றன என்பதற்காக இதைச் சொல்லாமல் தாண்டிப் போக என்னால் முடியாது. அந்தத் தூண்களின் அமைதியும் அந்தக் கப்பல்களின் கொடுமையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டவை. 1704இல் ஏற்பட்ட தீயில் உட்புறம் முழுவதும் அழிந்தது. பிரேசிலிலிருந்து வந்த மரங்களால் இழைத்த பழைய அலங்காரங்கள் அதோடு போயின. இன்று வெர்மீரின் முத்துத் தோட்டுப் பெண்ணைக் காணப் போகிறவர்கள் நடப்பது பின்னர் அமைக்கப்பட்ட அறைகளில்தான். வெளித்தோற்றம் மட்டும் வான் காம்பென் எண்ணிய வடிவிலேயே இருக்கிறது.

நாடகக் கொட்டகை ஒன்றையும் அவர் கட்டினார். ஆம்ஸ்டர்டாமின் முதல் கல் அரங்கமான அது 1638 ஜனவரியில் கவிஞர் வோண்டலின் நாடகத்தோடு திறக்கப்பட்டு, 1772இல் தீயில் அழிந்தது. ஆல்க்மார் நகரின் பெரிய தேவாலயத்தில் உள்ள ஆர்கன் என்ற இசைக்குழல் கருவியின் பேழையும் அவருடைய வடிவமைப்பே. ஒரு இசைக்கருவியின் கூட்டைக்கூட கோயில் முகப்பைப் போலத் தூண்களும் முக்கோண முகடுமாக அவர் கற்பனை செய்தார். ஹேக் நகருக்கு வெளியே, பீட்டர் போஸ்ட் கட்டிய ஹவுஸ் டென் போஸ் மாளிகையில், மறைந்த கணவர் பிரெடெரிக் ஹென்ட்ரிக்கின் நினைவாக அமாலியா வான் சோல்ம்ஸ் அமைத்த ஆரஞ்சு மண்டபத்தின் ஓவியத் திட்டத்தை ஹைகன்ஸோடு சேர்ந்து வகுத்தவரும் வான் காம்பென்தான். யோர்டான்ஸ், ஹோந்தோர்ஸ்ட், லீவன்ஸ் போன்ற பலர் வரைந்த அந்தச் சுவர்களில் அவருடைய தூரிகைக்கும் இடமிருந்தது. இவ்வளவு பேரும் ஒரே மண்டபத்தில் ஒருவரோடு ஒருவர் மோதாமல் நிற்க வேண்டும் என்றால், பார்வைக் கோடும் ஒளி வரும் திசையும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். கட்டடக் கலையும் ஓவியமும் அவருக்கு இரண்டு தொழில்களாக இருக்கவில்லை.

இவற்றில் எனக்கு மிக நெருக்கமானது ஹார்லெமின் புதிய தேவாலயம். 1645 முதல் 1649 வரை கட்டப்பட்டது. பக்கத்தில் டி கெய் 1613இல் கட்டிய, சுருள்களும் முனைகளும் நிறைந்த கோபுரம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு ஒட்டினாற்போல் ஒரு வெறும் செங்கல் சதுரத்தை வைத்தார் வான் காம்பென். வெளியே பார்த்தால் ஒரு கிடங்கு என்று நினைத்துக் கடந்துவிடலாம். உள்ளே நுழைந்தால் சதுரத்துக்குள் நான்கு கைகளும் சமமான ஒரு சிலுவை. கைகளின் மேல் அரைவட்ட வளைவுக் கூரைகள். மூலைகளில் தாழ்ந்த சமதளக் கூரைகள். நடுவில் நான்கு பெரும் தாங்கிகள். புராட்டஸ்டன்ட் பிரிவான சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டில் பீடத்தை விட உபதேச மேடையே முக்கியம். எல்லோரும் ஒருவரின் பேச்சைக் கேட்க வேண்டும். நீண்ட நடைபாதையும் தொலைவில் ஒளிரும் பீடமும் அங்கே பொருளற்றவை. அதனால்தான் நடுவை நோக்கிக் குவியும் திட்டம் அந்தத் திருச்சபைக்கு அவ்வளவு பொருந்திப்போனது. சான்ரடாம் 1652இல் இதன் உட்புறத்தை ஓவியமாக்கினார். பழைய சகமாணவர் கட்டியதைப் பழைய சகமாணவர் வரைந்திருக்கிறார். அந்த ஓவியத்தில் ஒளி வெண்சுவர்களில் படர்ந்திருக்கும் விதம், கட்டடத்தை நேரில் கண்டபின் எனக்கு இன்னும் துல்லியமாகப் புரிந்தது.

இந்த மையத் திட்ட மரபு ஒல்லாந்தரின் கப்பல்களோடு நம் கடலுக்கும் வந்தது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706ஆம் ஆண்டைத் தாங்கி நின்ற ஒல்லாந்தர் தேவாலயம் சமக்கை கொண்ட சிலுவை வடிவில் அமைந்திருந்தது. போரில் அது அழிந்துபோயிற்று. கொழும்பில் 1757இல் திறக்கப்பட்ட உல்பெண்டால் தேவாலயமும் அதே அமைப்பைக் கொண்டது. வான் காம்பெனின் கை அவற்றில் இல்லை. ஆனால் அவருடைய தலைமுறை டச்சு நாட்டில் நிலைநாட்டிய சிந்தனை, தடித்த சுவர்களோடும் வெப்பநாட்டுச் சுண்ணச்சாந்தோடும் அவற்றில் தொடர்ந்தது.

இனி ஆம்ஸ்டர்டாம் நகர மன்றம். ஸ்பெயினோடு எண்பது ஆண்டுகள் நடந்த போரை முன்ஸ்டர் உடன்படிக்கை 1648இல் முடித்துவைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் டாம் சதுக்கத்தில் முதல் மரக்கம்பம் அடிக்கப்பட்டது. அக்டோபர் 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. சேற்று நிலத்தில் கல் மாளிகை நிற்க வேண்டும் என்றால் கம்பங்களை ஆழமாக இறக்கி, அவற்றின் தலையில்தான் அடித்தளம் போட வேண்டும். இங்கே இறக்கப்பட்டவை 13,659 கம்பங்கள். ஆண்டின் நாட்களான 365க்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்பதும் சேர்த்தால் இந்த எண் வரும் என்று டச்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். மேலே வந்த கல் ஜெர்மனியின் பென்ட்ஹைம் மணற்கல். உள்ளே பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. கல்லே விளையாத நாட்டில் எழுந்த கல் மாளிகை அது.

வான் காம்பென் வகுத்த திட்டம் எளிதில் மனத்தில் பதியக்கூடியது. பெரிய செவ்வகம், நடுவில் குடிமக்கள் மண்டபம், அதன் இரு பக்கமும் ஒளி கொண்டுவரும் இரண்டு முற்றங்கள், முற்றங்களைச் சுற்றி நடைக்கூடங்கள், நடைக்கூடங்களிலிருந்து அலுவலகங்கள். மண்டபத்தின் நீளம் 120 அடி, அகலம் 60 அடி, உயரம் 90 அடி. இவை அன்றைய ஆம்ஸ்டர்டாம் அடிகள். ஓர் அடி ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். நீளமும் அகலமும் இரண்டுக்கு ஒன்று. உயரமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு. நீளமும் உயரமும் நான்குக்கு மூன்று. நாண்களின் நீளத்தில் இந்த விகிதங்களை வைத்து மீட்டினால் முறையே மேல் சட்சமமும் பஞ்சமமும் மத்திமமும் கேட்கும். கட்டடத்தின் அளவும் இசையின் அளவும் ஒரே எண்களிலிருந்து பிறக்கின்றன என்று நம்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் வாரிசு அவர். அந்த மண்டபத்தில் நிற்கும்போது மனிதர் சிறியவராகிறார், ஆனால் நசுக்கப்படுவதில்லை. அந்த வேறுபாட்டைத்தான் இந்த எண்கள் செய்கின்றன என்று நான் நம்புகிறேன்.

வெளி முகப்பில் உயர்ந்த பீடத்தின் மேல் இரண்டு அடுக்குத் தட்டைத் தூண்கள். கீழே அயோனியச் சுருளையும் கொரிந்திய இலையையும் சேர்த்த கலப்பு வகை, மேலே இலை அலங்காரம் கொண்ட கொரிந்திய வகை. அந்த வரிசை ஸ்கமோட்ஸி சொன்னதேதான். ஆனால் முகப்பின் மிகத் துணிச்சலான முடிவு வாசல். இவ்வளவு பெரிய மாளிகைக்குப் பெருவாயில் கிடையாது. நடுவில் ஏழு சிறிய வளைவு வழிகள், அவ்வளவே. அன்றைய டச்சுக் குடியரசின் ஏழு மாகாணங்களைக் குறிப்பவை என்று சொல்வார்கள். கலவரக் கூட்டம் உள்ளே பாயாமல் இருப்பதற்கு என்றும் சொல்வார்கள். மாளிகைக்குப் பொருந்தாத வாசல் என்று குறை கூறிய பயணிகள் பலர். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மன்னரின் ஊர்வலத்துக்காகக் கட்டாத மாளிகைக்கு ஊர்வலம் நுழையும் வாயில் எதற்கு?

ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த சிற்பி ஆர்டஸ் குவெலினஸும் அவருடைய பட்டறையினரும் இந்தக் கட்டடத்துக்குப் பேச்சைக் கொடுத்தார்கள். தரைத்தளத்தில் மரண தண்டனை அறிவிக்கப்படும் சிறிய பளிங்கு அறை உண்டு. சதுக்கத்தில் நிற்கும் மக்கள் சன்னல் வழியாக அந்த அறிவிப்பைப் பார்க்க முடிந்தது. சுவரில் தலைகுனிந்து முகம் பொத்தி நிற்கும் பெண் உருவங்கள். அவற்றுக்கு இடையே நீதிக் கதைகள். குற்றவாளியான மகன் இரு கண்களையும் இழக்க வேண்டிய சட்டத்தைத் தானே இயற்றிய சலூக்கஸ் என்ற கிரேக்கர், மகனின் ஒரு கண்ணையும் தன் ஒரு கண்ணையும் கொடுத்துச் சட்டத்தையும் காத்து மகனையும் காத்த கதை அவற்றில் ஒன்று. தீர்ப்புச் சொல்கிறவர் தினமும் பார்க்க வேண்டிய கதை அது. மேல் மாடியில் திவாலானவர்களின் சொத்துக்களை விசாரிக்கும் அறையின் வாசலுக்கு மேல், மெழுகுச் சிறகு உருகிக் கீழே விழும் இக்காரஸ். சுற்றிலும் காலிப் பெட்டிகள், செலுத்தப்படாத பத்திரங்களைக் கொறிக்கும் எலிகள். நகரச் செயலகத்தின் வாசலில் உதட்டில் விரல் வைத்த மௌனமும், இறந்த எசமானை விட்டகலாத நாயும். நகரத் தலைவர்களின் அறையில் பெர்டினாண்ட் போல் 1656இல் வரைந்த ஓவியம், திடீரென்று எதிரே நிறுத்தப்பட்ட யானையைக் கண்டும் அஞ்சாத ரோம அதிகாரி பப்ரிசியஸைக் காட்டுகிறது. எதிரே கோவர்ட் பிளிங்கின் ஓவியத்தில் லஞ்சமாக வந்த பொன்னை மறுத்துக் காய்கறியைத் தேர்ந்தெடுக்கும் கியூரியஸ். கட்டடத்தைப் பயன்படுத்துகிறவருக்குக் கட்டடமே அறிவுரை சொல்கிறது. பொது அலுவலகம் ஒன்றுக்கு இவ்வளவு அக்கறையான உட்புறத்தை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

அதே கட்டடத்தின் பின்புற முக்கோண முகப்பில் நான்கு கண்டங்களும் தங்கள் பொருட்களை ஆம்ஸ்டர்டாம் என்ற பெண்ணின் காலடியில் கொண்டுவந்து வைக்கின்றன. பழவேற்காட்டிலும் பின்னர் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மிகப் பெரிய பங்காளி நகரம் இது. சோழமண்டலக் கரையின் துணிகள் போய்ச் சேர்ந்த வணிக உலகத்தின் மையமும் இதுவே. பொருட்கள் தாமாகக் கைநீட்டி வந்ததைப் போலச் செதுக்கப்பட்ட அந்தக் காட்சியை, சர்க்கரை வீட்டின் கதை தெரிந்தவர் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

பணி சுமுகமாக நடக்கவில்லை. 1652இல் பழைய நகர மன்றம் எரிந்துபோயிற்று. அதன் இடிபாடுகளை ரெம்பிராண்ட் வரைந்து வைத்தார். அதே ஆண்டு இங்கிலாந்தோடு போர் மூண்டது, பணம் இறுகியது, மேலடுக்கையே கைவிட்டுக் கட்டடத்தைக் குள்ளமாக்கிவிடலாம் என்றுகூட முடிவெடுத்தார்கள். நல்லவேளையாகப் பின்னர் அதை மாற்றிக்கொண்டார்கள். ஹார்லெமில் உள்ளதன் பெயரையே கொண்ட, நகர மன்றத்துக்குப் பக்கத்துப் புதிய தேவாலயத்துக்கு அவர் வரைந்த பெருங்கோபுரம் அடிப்பகுதியோடு நின்றுபோயிற்று. களத்தில் பணிகளை நடத்திய நகரக் கட்டட அதிகாரி டேனியல் ஸ்டால்பார்ட்டுக்கும் வடிவமைப்பாளருக்கும் இடையே உரசல் முற்றி, 1654இல் வான் காம்பென் வேலையை விட்டு விலகினார். 1655 ஜூலை 29ஆம் நாள் திறப்பு விழாவில் வோண்டலின் நெடுங்கவிதை அரங்கேறியது. ஹைகன்ஸ் உலகின் எட்டாவது அதிசயம் என்று வாழ்த்தினார். குவிமாடத்தை ஸ்டால்பார்ட்டின் பொறுப்பில் பின்னர் முடித்தார்கள். தம் வாழ்வின் மிகப் பெரிய படைப்பை, முடியும் தறுவாயில், விட்டுவிட்டுப் போக நேர்ந்த மனிதரின் நிலையை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

அவர் ஆமர்ஸ்ஃபோர்ட் அருகே தமக்குச் சொந்தமான ராண்டன்புரூக் பண்ணை வீட்டில் 1657 செப்டம்பர் 13 அன்று காலமானார். அந்த வீட்டின் சுவர்களில் அவரே ஓவியங்கள் தீட்டியிருந்தார். கட்டடக் கலை பற்றி நூல் எதையும் அவர் எழுதவில்லை. கோத்திக் சுருள்களின் பித்தை ரோமானியக் கம்பீரத்தால் திருத்தியவர் என்று ஹைகன்ஸ் அவரைப் பாடினார். நகர மன்றத்தின் வரைபடங்கள் 1661இல் யாகோப் வென்னகோலின் கையால் அச்சேறியபோதுதான் அவருடைய எண்ணம் முழுமையாக ஊர் ஊராகப் போனது. அதற்குள் பீட்டர் போஸ்ட் மாஸ்ட்ரிக்ட் நகர மன்றத்தைக் கட்டத் தொடங்கியிருந்தார். லெய்டனில் அரென்ட் வான் ஸ்கிராவசண்டே ஜவுளிக் கூடத்தையும் மாரே தேவாலயத்தையும் எழுப்பியிருந்தார். கத்தோலிக்கர் என்பதால் அரசுப் பணிகள் எட்டாத பிலிப்ஸ் விங்போன்ஸ், கால்வாய்க் கரையின் ஒடுங்கிய மனைகளுக்குள்ளேயே இந்த ஒழுங்கைப் பொருத்திக் காட்டினார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1808இல், நெப்போலியனின் தம்பியும் ஹாலந்தின் மன்னருமான லூயி நெப்போலியன் அந்த நகர மன்றத்தைத் தம் அரண்மனையாக்கிக்கொண்டார். மன்னர் இல்லாத நகரத்தின் மாளிகை அன்று முதல் அரச மாளிகை என்ற பெயரோடு நிற்கிறது. அரச விழாக்கள் இல்லாத நாட்களில் பொதுமக்கள் உள்ளே போகலாம். ஆம்ஸ்டர்டாம் செல்லும் நண்பர்கள் என்னிடம் கேட்டால், குடிமக்கள் மண்டபத்துக்கு ஏறுமுன் தரைத்தளத்து நீதி அறையைப் பார்க்கச் சொல்வேன். பிறகு திவால் அறையின் எலிகளைத் தேடச் சொல்வேன். இன்னும் அரை நாள் மிஞ்சினால் ரயிலில் ஹார்லெம் போய், சந்தைச் சதுக்கத்து இறைச்சிக் கூடத்தையும் புதிய தேவாலயத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.